ஸ்ரீரங்கத்துக் கூடத்தில் ஒரு சைக்கடெலிக் பாட்டு: எல்லாக் கருவியையும் தானே வாசிக்க விரும்புவோருக்கு முழுமையான வழிகாட்டி

கிட்டார், கீபோர்டு, பேஸ், தாளம், குரல் என எல்லாவற்றையும் ஒருவரே ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவு செய்து ஆல்பம் போடுவது புதிதல்ல. இங்கிலாந்தின் மைக் ஓல்ட்ஃபீல்டு 1973-ல் வெளியிட்ட ‘டியூபுலர் பெல்ஸ்’ ஏறக்குறைய அப்படித்தான் உருவானது. பதிவு தொடங்கியபோது அவருக்கு வயது 19. நம் காலத்தில் ‘டேம் இம்பாலா’ என்ற பெயரில் இயங்கும் கெவின் பார்க்கர், 2012-ல் வந்த ‘லோனரிஸம்’ ஆல்பத்தின் கருவிகளைப் பெரும்பாலும் தானே வாசித்தார். அவர் வளர்ந்த பெர்த் நகரம் சிட்னியிலிருந்து 3,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. திருச்சியிலிருந்து சென்னை சுமார் 330 கிலோமீட்டர்தான்.

இந்தக் கணக்கைச் சொல்லக் காரணம் இருக்கிறது. உறையூரிலோ திருவானைக்காவலிலோ கிட்டார் வாசிக்கும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, “சென்னைக்குப் போனாத்தான் நடக்குமா சார்?” என்பதுதான். பிற்பாடு போகலாம். முதல் பாட்டுக்குப் போக வேண்டியதில்லை. சைக்கடெலிக் இசைக்கு வேண்டிய இரண்டு முக்கியமான பொருள்கள், இடைவிடாத சுருதியும் நீண்ட எதிரொலியும், உலகத்தில் எங்கும் கிடைக்காத அளவுக்கு இந்த ஸ்ரீரங்கத் தீவில் கிடைக்கின்றன.

திருச்சி மண்ணிலிருந்து கிளம்பிய இருவரை முன்னுதாரணமாக வைத்துக்கொள்ளுங்கள். சந்தோஷ் நாராயணன் திருச்சி ஜே.ஜே. பொறியியல் கல்லூரியில் படித்தவர். ஒலிப்பதிவுப் பொறியாளராக வேலை பார்த்து, மற்றவர்களின் பாட்டை எப்படிக் கட்டுகிறார்கள் என்று உள்ளிருந்து பார்த்த பிறகே 2012-ல் ‘அட்டகத்தி’க்கு இசையமைத்தார். அந்தப் படத்திலேயே பாடிய பிரதீப் குமாரும் திருச்சிக்காரர்தான். கர்னாடக சங்கீதம் கற்று, கிட்டாரும் வாசித்து, பாடகராகவும் இசையமைப்பாளராகவும் தனியிசைக் கலைஞராகவும் ஒரே நேரத்தில் இயங்குபவர். 2017-ல் வந்த ‘மேயாத மான்’ படத்துக்கு இருவரும் சேர்ந்து இசையமைத்தார்கள். இருவர் பாதையிலும் நான் கவனிப்பது ஒன்றைத்தான்: ஒரு வேலைக்குள் தங்களை அடைத்துக்கொள்ளவில்லை.

படி 1: முதலில் காது

‘சைக்கடெலிக்’ என்ற சொல்லை 1956-ல் உருவாக்கியவர் ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் என்ற மனநல மருத்துவர். மனத்தை வெளிப்படுத்துவது என்று பொருள் வரும்படி இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்தார். அந்தச் சொல்லுக்கும் போதை மருந்துக்கும் உள்ள தொடர்பு ஊரறிந்தது. ஆனால் இந்த இசையைச் செய்யவோ கேட்கவோ போதை தேவையில்லை. அது வேண்டும் என்று யாராவது சொன்னால் அவரிடமிருந்து விலகுங்கள். இரவு பதினோரு மணிக்கு மேல் ஒரே ஸ்வரத்தை இருபது நிமிடம் கேட்டவருக்கு அந்த மயக்கம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும்.

1966-ல் பீட்டில்ஸ் வெளியிட்ட ‘ரிவால்வர்’ ஆல்பத்தின் கடைசிப் பாட்டைக் கேளுங்கள். அடியில் தம்புரா ஓடுகிறது. பாட்டு ஏறத்தாழ ஒரே ஆதார ஸ்வரத்தின் மேல் நிற்கிறது. டேப்பைத் திருப்பி ஓட்டிய ஒலிகள் மேலே பறக்கின்றன. பிறகு ஆனந்த சங்கர் 1970-ல் சிதாரையும் மூக் சிந்தசைசரையும் சேர்த்து வெளியிட்ட ஆல்பத்துக்கு வாருங்கள். சென்னையில் பிறந்த ரமேஷ் ஷோத்தமைத் தேடிக் கேளுங்கள். 1970-களில் ‘ஹ்யூமன் பாண்டேஜ்’ என்ற ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்துவிட்டு, பின்னால் தவிலும் கடமும் கற்று ஐரோப்பாவில் ஜாஸ் கலைஞர்களோடு வாசித்தவர் அவர்.

அடுத்து, காசில்லாமல் கேட்கக்கூடியது. கல்யாண வீட்டிலோ கோயிலிலோ நாதஸ்வரக் கச்சேரி நடந்தால் நாதஸ்வரக்காரரைப் பார்க்காதீர்கள். ஒத்து வாசிப்பவர் பக்கத்தில் போய் நில்லுங்கள். இப்போது பல இடங்களில் சுருதிப்பெட்டி வந்துவிட்டது என்றாலும், ஒத்து கிடைத்தால் விடாதீர்கள். ஒரே ஸ்வரம், மூச்சு விடாமல், மணிக்கணக்கில். அதன் மேல்தான் ராகம் நிற்கிறது. ஆந்திரத்தின் கரவதியில் பிறந்து ஸ்ரீரங்கத்துக்காரராகவே ஆகிவிட்ட ஷேக் சின்ன மௌலானா இந்த ஊரிலேயே நாதஸ்வரப் பள்ளி நடத்தினார். அவருடைய பதிவுகளை ஹெட்ஃபோனில் கேட்டு, நாதஸ்வரத்தை மனத்தால் ஒதுக்கி, அடியில் ஓடுவதை மட்டும் ஒரு வாரம் பின்தொடருங்கள். இந்த ஒரு வாரத்தைத் தாண்டிக் குதிக்க வேண்டாம்.

படி 2: சுருதியைப் பிடியுங்கள்

தம்புராவின் தந்திக்கும் குதிரைக்கும் நடுவில் ஒரு நூலிழை வைப்பார்கள். ஜீவா என்று பெயர். அந்த நூலைச் சற்றே நகர்த்தினால் தந்தியின் ஒலி திடீரென்று திறந்துகொண்டு, ஒரு ஸ்வரத்துக்குள்ளிருந்து பல ஸ்வரங்கள் மின்னும். மேல்நாட்டு சைக்கடெலிக் கலைஞர்கள் பெடல் பெட்டிகளை அடுக்கித் தேடியது இந்த மினுமினுப்பைத்தான். நம் வீட்டுப் பாட்டிமார்கள் நூலால் செய்தார்கள்.

தம்புரா இல்லாவிட்டால் எலெக்ட்ரானிக் சுருதிப்பெட்டி போதும், கைபேசிச் செயலியும் போதும். சுருதியை 2 கட்டையில் வையுங்கள். மேல்நாட்டுக் கணக்கில் அது டி. இப்போது கிட்டாரின் ஆறாவது, இரண்டாவது, முதல் தந்திகளை ஒவ்வொரு முழு ஸ்வரம் இறக்குங்கள். டி, ஏ, டி, ஜி, ஏ, டி என்று அமையும். நம் கணக்கில் சட்ஜமம், பஞ்சமம், சட்ஜமம், மத்யமம், பஞ்சமம், சட்ஜமம். எந்த விரலும் வைக்காமல் மீட்டினாலே தம்புராவோடு இழையும். இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு பலர் பழைய சுருதி அமைப்புக்குத் திரும்புவதே இல்லை.

அடுத்து ராகம். சங்கராபரணத்தில் நிஷாதத்தை மட்டும் அரை ஸ்வரம் இறக்கினால் 28-வது மேளமான ஹரிகாம்போதி. மேல்நாட்டார் இதையே மிக்ஸோலிடியன் என்பார்கள். அறுபதுகளின் சைக்கடெலிக் பாட்டுகளில் இதற்குத் தனி இடம் உண்டு. தமிழிசை ஆராய்ச்சியாளர்கள் பழைய செம்பாலையை இதோடு பொருத்திப் பார்க்கிறார்கள். சுருதி ஓடட்டும். டி கார்டில் நான்கு ஆவர்த்தனம், சி கார்டில் ஒன்று, ஜி-யில் ஒன்று, மீண்டும் டி. அதன் மேல் ஹரிகாம்போதி ஸ்வரங்களை மட்டும் முணுமுணுத்துப் பாருங்கள். ஒரு பாட்டின் எலும்புக்கூடு வந்துவிடும். இருண்ட நிறம் வேண்டுமென்றால் 22-வது மேளமான கரகரப்ரியா, மிதக்கும் நிறம் வேண்டுமென்றால் 65-வதான கல்யாணி.

படி 3: கருவிகளை எந்த வரிசையில் கற்பது

பல கருவி வாசிப்பவர் என்றால் எல்லாவற்றிலும் வித்வான் என்று பொருளல்ல. ஒன்றை நன்றாக வாசிப்பார். மற்றவற்றில் தன் பாட்டுக்கு வேண்டியதை மட்டும் சுத்தமாக வாசிப்பார். அந்த ஒன்றில் குறுக்குவழி கிடையாது, தினமும் உட்கார வேண்டும்.

வேறு ஊர்க் கருவியை நம் ஊரில் எப்படிச் சொந்தமாக்குவது என்று தெரிய வேண்டுமானால் ஏ.கே.சி. நடராஜனை நினைத்துக்கொள்ளுங்கள். திருச்சியில் 1931-ல் பிறந்தவர். மேல்நாட்டு பேண்டு வாத்தியமான கிளாரினெட்டில் கமகத்தைக் கொண்டுவந்து, 2008-ல் சங்கீத கலாநிதியும் 2022-ல் பத்மஸ்ரீயும் பெற்றார். இப்படி ஒருவர் வாசித்துக் காட்டிய ஊரில், சிந்தசைசரில் கரகரப்ரியா வராது என்று யாரும் சொல்ல முடியாது.

என் பரிந்துரை: கிட்டார் அல்லது வீணை முதலில். பிறகு 25 கட்டை உள்ள சிறிய கீபோர்டு. பேஸ் கிட்டார் உடனே வாங்காதீர்கள். சாதாரணக் கிட்டாரில் வாசித்துக் கணினியில் ஒரு ஸ்தாயி கீழே இறக்கினால் முதல் சில பாட்டுக்குப் போதும். தாளத்துக்கு டிரம்ஸ் செட் தேடி அலைய வேண்டாம். கஞ்சிராவோ கடமோ ஒரு மைக்கில் அடங்கிவிடும். மோர்சிங் என்ற சின்னஞ்சிறு இரும்பு, வாய்க்குள்ளேயே ஃபில்டர் வைத்த சிந்தசைசர் போன்றது. அதை டிலே என்ற எதிரொலி உத்தியில் விட்டுக் கேட்டால் நான் சொல்வது புரியும்.

வீணை வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு மணி நேரப் பயண தூரத்தில் தஞ்சாவூர் இருக்கிறது. பலா மரத்தில் செய்யும் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு உண்டு. பட்டறைக்கே போய், செய்பவரிடம் பேசி, வாசித்துப் பார்த்து வாங்குங்கள்.

முறையாகக் கற்க விரும்பினால் திருச்சியிலேயே கலைக்காவிரி நுண்கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகள் பின்னாளில் உங்கள் மேடைக் குழுவாகவும் ஆகலாம்.

படி 4: கூடம்தான் பதிவறை

வேண்டிய சாமான்கள் குறைவு: ஒரு கணினி, இரண்டு மைக் செருகும் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு கண்டன்சர் மைக், காதை முழுதாக மூடும் ஹெட்ஃபோன். மென்பொருளுக்கு ரீப்பர் போதும். 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு வாங்கலாம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள்.

பழைய ஸ்ரீரங்கத்து வீடு கிடைத்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள். திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என்று நீளமாகப் போகும் வீட்டில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு ஒலி. குரலைக் கூடத்தில் இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரில் சாய்த்து வைத்துப் பதியுங்கள். கடத்தை முற்றத்தில் வாசித்து மைக்கைத் தாழ்வாரத்தில் வையுங்கள். ஒரே கருவிக்கு இரண்டு வீடுகள் கிடைக்கும். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குத் துணி நிறைந்த அலமாரியின் திறந்த கதவுகளே நல்ல பதிவறை.

சத்தம்தான் பெரிய சிக்கல். அக்னி நட்சத்திரத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பாடுவது உடம்புக்குக் கடினம். அந்த மாதம் வரிகள் எழுதிவிட்டு, கிட்டாரை நேரடியாக இன்டர்ஃபேஸில் செருகிப் பதியலாம். குரல் பதிவுக்கு நள்ளிரவிலிருந்து விடிகாலை நாலு மணி வரை நல்ல நேரம். மார்கழியில் அதற்கு முன்பே ஒலிபெருக்கி எழுந்துவிடும். அதை எதிரியாக நினைக்காதீர்கள். கைபேசியில் பதிந்து வையுங்கள். தெருக்கோடியிலிருந்து காற்றில் அசைந்து வரும் திருப்பாவை, வேகம் குறைத்தால், எந்தக் கருவியும் தராத ஒரு மேகம்.

ஹெட்ஃபோனில் ஒலியைக் குறைத்து வையுங்கள். 85 டெசிபெல்லில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் காது தாங்கும். 3 டெசிபெல் கூடினால் அந்த நேரம் பாதியாகிவிடும். உங்களுக்கு இருப்பது ஒரே ஜோடிக் காது.

இன்னொன்று. ஒரு ஹார்டு டிஸ்க் பழுதாகி ஏழு மாத வேலையை நான் மொத்தமாக இழந்திருக்கிறேன். அந்தப் பாட்டுகள் திரும்ப வரவேயில்லை. அன்றன்றைக்குப் பதிந்ததை அன்றைக்கே இரண்டாவது ஓர் இடத்தில் சேமியுங்கள்.

படி 5: எதிரொலியின் கணக்கு

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். சைக்கடெலிக் பாப்பின் உயிர் இதில்தான் இருக்கிறது.

236 அடி உயர ராஜகோபுரத்தின் அடியில் நடந்து போகும்போது ஒருமுறை கவனியுங்கள். தெருவில் வறண்டு கேட்ட ஆட்டோ ஹார்ன், வாசலுக்குள் நுழைந்ததும் தடித்து நீள்கிறது. மறுபக்கம் வந்ததும் அறுந்துவிடுகிறது. ரிவெர்ப் என்று மென்பொருளில் இருக்கும் பொத்தான் செய்வது இதைத்தான். கல்லில் பட்டுப் பட்டுத் திரும்பும் எண்ணற்ற சிறு ஒலிகளின் கூட்டம் அது.

டிலே வேறு. அது எண்ணக்கூடிய எதிரொலி. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 17 மீட்டர் தள்ளி இருக்கும் மதிலைப் பார்த்துக் கைதட்டினால், போய்த் திரும்ப 34 மீட்டர், அதாவது ஏறத்தாழ ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கில் எதிரொலி வரும். உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் இரவில் கூட்டம் அடங்கியபின் மதிலுக்கு நேரே நின்று தட்டிப் பாருங்கள். ஒருமுறை உடம்பால் உணர்ந்துவிட்டால், திரையில் 100 மில்லிசெகண்ட் என்ற எண் உங்களுக்கு ஒரு மதிலாகத் தெரியும்.

இனி அதைத் தாளத்தோடு கட்டுங்கள். 60,000-ஐ பாட்டின் வேகத்தால் வகுத்தால் ஒரு அடியின் நீளம் மில்லிசெகண்டில் வரும். வேகம் 80 என்றால் 750. அதில் பாதி 375. முக்கால் பங்கு 562. கிட்டாருக்கு 562 வைத்து ஒற்றைத் தந்தியை மீட்டுங்கள். நீங்கள் வாசிப்பதும் எதிரொலியும் பின்னிக்கொண்டு, வாசிக்காத ஒரு தாளம் நடுவில் முளைக்கும். எனக்கு இந்தக் கலையிலேயே மிகப் பிடித்த கணம் அது.

மூன்றாவது உத்தி, திருப்புதல். வீணையில் கமகத்தோடு ஒரு சிறு பிடியை வாசித்துப் பதிந்து, மென்பொருளில் பின்னிருந்து முன்னாக ஓட்டுங்கள். மீட்டு கடைசியில் வரும். ஒலி இல்லாமையிலிருந்து பெருகி வந்து சட்டென்று நிற்கும். அந்தத் திருப்பிய ஒலியை வாயால் பாடக் கற்று, பாடியதைப் பதிந்து, மறுபடி திருப்புங்கள்.

எல்லாவற்றையும் எல்லா இடத்திலும் போடாதீர்கள். குரல் வறண்டிருக்கும்போதுதான் கிட்டாரின் எதிரொலி கேட்கும்.

படி 6: வரிகள்

தமிழில் எழுதுங்கள். அறிந்த பொருள் உருகி வேறொன்றாகும் காட்சிக்கு நம் மொழியில் பழைய தடம் இருக்கிறது: சித்தர் பாடல்கள், ஆழ்வார்களின் பாசுரங்கள், திருச்சி மலைக்கோட்டை அடிவாரத்தில் வாழ்ந்த தாயுமானவரின் பாடல்கள். அவற்றை எடுத்துப் போடச் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டு வந்து உங்கள் கொள்ளிடத்தை, உங்கள் ரயில் பாலத்தை எழுதுங்கள். ஆங்கிலப் பாட்டின் வானவில்லையும் மார்மலேடையும் நம் பாட்டில் ஒட்டவைப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த வாலி, சினிமாவுக்கு வருமுன் முருகன் மேல் எழுதிய ஒரு பாட்டை அஞ்சலட்டையில் டி.எம்.சௌந்தரராஜனுக்கு அனுப்பினார். அவரும் மெட்டமைத்துப் பாடினார். அஞ்சலட்டையில் அடங்கும் அளவு வரிகள் ஒரு பாட்டுக்குப் போதும்.

படி 7: வெளியீடும் உரிமையும்

மிக்ஸிங் முடிந்ததும் ஒலி அளவை அதிகமாக ஏற்றாதீர்கள். ஸ்பாட்டிஃபை பாட்டுகளை மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். அளவுக்குச் சமப்படுத்துகிறது, அதற்கு மேல் நசுக்கினால் உயிர்தான் போகும். வெளியீட்டு நிறுவனம் ஒன்றின் மூலம் பாட்டை ஏற்றும்போது ஒவ்வொரு பதிவுக்கும் 12 எழுத்து கொண்ட ஐ.எஸ்.ஆர்.சி. எண் கிடைக்கும். குறித்து வையுங்கள்.

பணத்தைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பாட்டிஃபையில் 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்குப் பதிவு உரிமைத் தொகை கிடையாது. இது 2024-ல் வந்த விதி. அதற்கு மாறாக பேண்ட்கேம்ப் போன்ற தளத்தில் ரசிகர் நேரடியாக வாங்கும் ஆல்பத்தில் தளம் எடுத்துக்கொள்வது 15 சதவீதம். நூறு பேர் விலை கொடுத்து வாங்கும் ஆல்பம், தொடக்கத்தில், பல்லாயிரம் முறை ஓடும் பாட்டைவிட உங்களை நிற்கவைக்கும்.

உரிமைகளைச் சிறுவயதிலேயே கற்றுக்கொள்ளுங்கள். பாட்டெழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் ஆயுள் முழுதும், இறந்த பின் 60 ஆண்டும் பதிப்புரிமை உண்டு. ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டு. 2012 சட்டத் திருத்தம் திரைப்பாட்டிலும் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் சம பங்கை உறுதி செய்தது; அதை எழுதி வாங்கிக்கொள்ள முடியாது. ராயல்டி வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராகச் சேர்ந்து பாட்டுகளைப் பதியுங்கள். நண்பர் ஒருவர் ஒரு வரி எழுதியிருந்தால்கூட, யாருக்கு எத்தனை சதவீதம் என்று அன்றைக்கே தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். நட்பு நீடிக்க அதுவே வழி.

படி 8: மேடை

பதிவில் ஒருவர் என்றாலும் மேடையில் ஒருவர் போதாது. கெவின் பார்க்கரும் குழுவோடுதான் மேடையேறுகிறார். இரண்டு வழி உண்டு: லூப் பெடல் வைத்துத் தனியாகக் கட்டுவது, அல்லது மூன்று பேரைச் சேர்ப்பது. இரண்டாவதே மேல். மற்றவர்கள் கைபட்டால் பாட்டு வளரும்.

முதல் கச்சேரி மொட்டை மாடியில் முப்பது பேருக்கு நடக்கட்டும். திறந்தவெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு; மற்ற நேரத்திலும் போலீஸ் அனுமதி வேண்டும். அடுத்து கல்லூரி விழாக்கள். திருச்சி என்.ஐ.டி.யின் ஃபெஸ்டெம்பர் 1975 முதல் நடந்து வருகிறது. அகில இந்திய வானொலியின் திருச்சி நிலையம் 1939 மே 16-ல் தொடங்கியது. குரல் தேர்வு வைத்துக் கலைஞர்களைத் தரம் பிரிக்கும் முறை வானொலியில் இன்றும் உண்டு, மெல்லிசைக்கும் சேர்த்து. தனியிசைக்காரர்கள் இந்தக் கதவைத் தட்டவே மறந்துவிட்டார்கள். தட்டுங்கள்.

வெளியூர் பயணம் பிறகு வரும். அருகிலுள்ள பூவாளூரில் பிறந்த மிருதங்க வித்வான் திருச்சி சங்கரன், 1971-ல் டொரொண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே ஜாஸ் கலைஞர்களோடும் இந்தோனேசிய கமெலான் குழுவோடும் வாசித்தார். ஊர்ப் பெயரை முன்னால் வைத்துக்கொண்டே போனார்.

தொடங்குவதற்கு முன்

முதல் ஆண்டில் ஆல்பம் வேண்டாம். ஒரு பாட்டு. சுருதி, ஒரு கிட்டார், ஒரு கஞ்சிரா, உங்கள் குரல், ஒரு டிலே. அடுத்த வைகுண்ட ஏகாதசிக்குள் அதை முடித்து, கூடத்தில் வீட்டாரை உட்காரவைத்து, விளக்கை அணைத்து, முழுதாக ஒருமுறை போட்டுக் காட்டுங்கள்.